கோட்டுக்குக் கீழே பாருங்கள்: விகிதமுறு சார்பின் மதிப்பகம் காண்பது எப்படி

விகிதமுறு சார்பு என்ற பெயரைக் கேட்டதுமே நிறையப் பேர் மிரண்டுவிடுகிறார்கள். பெயர்தான் பெரிது. மேலே ஒரு பல்லுறுப்புக் கோவை, கீழே ஒரு பல்லுறுப்புக் கோவை, நடுவில் வகுத்தல் கோடு, அவ்வளவுதான் விஷயம். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. சாதாரணப் பின்னத்தில் 3/4 என்று எண்கள் இருக்கும் இடத்தில் இங்கே மாறி கலந்த கோவைகள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று எழுதும் அந்த மாறியை இந்தக் கட்டுரை முழுக்க ம என்று எழுதிக்கொள்கிறேன், எந்த எழுத்தைப் போட்டாலும் கணக்கு மாறாது.

சரி, மதிப்பகம் என்றால் என்ன? ஒரு சார்புக்குள் எந்தெந்த எண்களைப் போட்டால் ஒழுங்கான ஒரு விடை வெளியே வருமோ, அந்த எண்கள் எல்லாம் சேர்ந்த கணம்தான் அதன் மதிப்பகம். சில புத்தகங்களில் இதையே சார்பகம் என்று எழுதியிருப்பார்கள். இங்கே நாம் பேசுவது மெய்யெண்களைப் பற்றி மட்டும். ஆகவே "மதிப்பகம் காண்க" என்று கேள்வி வந்தால், "எந்த மெய்யெண்ணைப் போட்டால் இந்தச் சார்பு விடை சொல்லும், எதைப் போட்டால் மாட்டிக்கொள்ளும்" என்றுதான் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பல்லுறுப்புக் கோவை மட்டும் தனியாக இருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. ம² − 3ம + 7 என்பதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாம், பின்னம், குறை எண், √2, எது வந்தாலும் பெருக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம், விடை வந்துகொண்டே இருக்கும். மதிப்பகம் எல்லா மெய்யெண்களும். விகிதமுறு சார்பில் கூடுதலாக வந்து சேருவது வகுத்தல் ஒன்றுதான். அதனால் சிக்கல் வந்தால் அங்கிருந்து மட்டுமே வர முடியும், அந்தச் சிக்கலும் ஒரே வகைதான்: பகுதி பூச்சியம் ஆகிவிடுவது.

பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்போம், ஏன் கூடாது என்று பலருக்கும் சொல்லித்தருவதில்லை. காரணம் தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் பின்னால் 0/0 வரும்போது நிச்சயம் தடுமாறுவோம், அதனால் இதற்கு இரண்டு நிமிடம் கொடுப்போம். 12/3 = 4 என்று ஏன் சொல்கிறோம்? 4 × 3 = 12 என்பதால். வகுத்தல் என்பதே பெருக்கலைத் திருப்பிக் கேட்கும் கேள்விதான். அப்படியானால் 12/0 என்பது, எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 12 கிடைக்கும் என்று கேட்கிறது. எதைப் பெருக்கினாலும் 0-தான் வரும், ஆகவே அப்படி ஒரு எண்ணே இல்லை. இப்போது 0/0 எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 0 கிடைக்கும்? 1 போட்டாலும் சரி, 5 போட்டாலும் சரி, −200 போட்டாலும் சரி, எல்லாமே பொருந்துகிறது. முதல் கேள்விக்கு விடையே கிடையாது, இரண்டாவதற்கு எக்கச்சக்கமான விடைகள், இரண்டிலுமே "இதுதான் விடை" என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. அதனால்தான் இரண்டையும் வரையறுக்கப்படாதது என்று ஒதுக்கி வைக்கிறோம்.

இது பெரிய பெரிய கணித மேதைகளையே அலைக்கழித்த கேள்வி. 628-இல் பிரம்மஸ்புடசித்தாந்தம் எழுதிய பிரம்மகுப்தர், பூச்சியத்தை ஒரு எண்ணாகவே எடுத்துக்கொண்டு அதற்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை எல்லாம் அழகாக வகுத்துத் தந்தவர். அவரே பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஒரு எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் கிடைப்பது முடிவற்ற அளவு என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 12/0-வும் முடிவிலி, 7/0-வும் முடிவிலி என்று வைத்துக்கொண்டால், திருப்பிப் பெருக்கும்போது முடிவிலி × 0 என்பது 12-ஆ 7-ஆ என்று மாட்டிக்கொள்வோம். ஒதுக்கி வைப்பதைத் தவிர மெய்யெண்களுக்குள் வேறு வழி இல்லை.

இது தாளோடு முடிகிற விஷயமும் இல்லை. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பலில் ஒரு கட்டத்துக்குள் 0 என்று உள்ளிடப்பட, மென்பொருள் அதை வைத்து வகுக்கப் போய், கணினி வலையமைப்பே செயலிழந்து கப்பலின் உந்துவிசை நின்றுபோனது. உள்ளே வரும் எண் மதிப்பகத்துக்குள் இருக்கிறதா என்று ஒரு சோதனை இருந்திருந்தால் நடந்திருக்காது.

இப்போது வழிமுறைக்கு வருவோம். பகுதியை மட்டும் தனியே எடுங்கள், அதைப் பூச்சியத்துக்குச் சமம் என்று எழுதுங்கள், வரும் சமன்பாட்டுக்குத் தீர்வு காணுங்கள். கிடைக்கும் எண்கள்தான் விலக்க வேண்டியவை, மீதி எல்லா மெய்யெண்களும் மதிப்பகம். முறை என்று பார்த்தால் இவ்வளவே.

(ம + 3) / (ம − 5)

பகுதி ம − 5. இது பூச்சியமாவது ம = 5 என்னும்போது. ஆகவே 5-ஐத் தவிர எல்லா மெய்யெண்களும் மதிப்பகம். தொகுதியில் இருக்கும் ம + 3-ஐ நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ம-வுக்கு −3 போட்டால் தொகுதி பூச்சியமாகும், 0/(−8) என்று வரும், அதன் மதிப்பு 0, அது ஒரு நல்ல விடைதான். புதிதாகப் படிப்பவர்கள் பூச்சியத்தைக் கண்டாலே பயந்து −3-ஐயும் சேர்த்து விலக்கிவிடுகிறார்கள். மேலே பூச்சியம் வந்தால் சார்பின் மதிப்பு பூச்சியம், கீழே பூச்சியம் வந்தால் அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை. இந்த இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் மனதில் தனித்தனியாக இருக்கட்டும்.

கூட்டல், கழித்தல் குறியில் வரும் தவறு ஒன்றும் இங்கேயே அதிகம் நடக்கும். பகுதியில் ம + 7 இருந்தால் விலக்க வேண்டியது −7. எழுதியிருக்கும் 7-ஐ அப்படியே தூக்கிப் போட்டு "ம ≠ 7" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். சந்தேகமாக இருந்தால் அந்த எண்ணை ம-வின் இடத்தில் போட்டுப் பாருங்கள்: 7 + 7 = 14, பூச்சியம் இல்லை, அப்படியானால் 7 எந்தத் தவறும் செய்யவில்லை. −7 + 7 = 0, ஆம், இதுதான் வெளியே போக வேண்டியது. ஐந்து விநாடி வேலை, ஒரு கேள்வியின் முழு மதிப்பெண்ணையும் காப்பாற்றும்.

பகுதி இருபடியாக இருந்தால் காரணிப்படுத்த வேண்டும்.

(ம − 1) / (ம² − 9)

ம² − 9 = 0 என்று எழுதி, (ம − 3)(ம + 3) = 0 என்று பிரிக்கிறோம். இரண்டு காரணிகளின் பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் ஏதாவது ஒன்று பூச்சியமாக இருந்தே ஆக வேண்டும், ஆகவே ம = 3 அல்லது ம = −3. இரண்டையும் விலக்குகிறோம். ம² = 9 என்று எழுதி, இரு பக்கமும் வர்க்கமூலம் எடுத்து, ம = 3 என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது பரீட்சைத் தாள்களில் தினமும் காணும் காட்சி. (−3)² என்பதும் 9-தான், அதை விட்டுவிடாதீர்கள். காரணிப்படுத்தும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு தானாகவே நடக்காது, அதனால்தான் வர்க்கமூலம் எடுப்பதைவிடக் காரணிப்படுத்துவதையே நான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

விடையை எப்படி எழுதுவது? மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் ஒன்றே. "3, −3 தவிர எல்லா மெய்யெண்களும்" என்று சொற்களில் எழுதலாம். ம ≠ 3, ம ≠ −3 என்று குறியீட்டில் எழுதலாம். அல்லது இடைவெளிகளாக

(−∞, −3) ∪ (−3, 3) ∪ (3, ∞)

என்று எழுதலாம். இந்தக் கடைசி வடிவத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்கோட்டை மனதில் வரைந்து, −3 இருக்கும் இடத்திலும் 3 இருக்கும் இடத்திலும் ஒவ்வொரு புள்ளியைப் பிடுங்கி எடுத்துவிட்டால் கோடு மூன்று துண்டாகும், அந்த மூன்று துண்டையும் இடமிருந்து வலமாகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். எல்லாமே வளைந்த அடைப்புக்குறிகள், ஏனென்றால் முனைப்புள்ளிகள் சேர்த்தி இல்லை. சதுர அடைப்புக்குறி போட்டால் அந்த முனையும் உள்ளே இருக்கிறது என்று பொருளாகிவிடும். இரண்டு புள்ளிகளை எடுத்தால் மூன்று துண்டு, மூன்றை எடுத்தால் நான்கு துண்டு, எழுதி முடித்ததும் இதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

காரணிப்படுத்தச் சற்று மெனக்கெட வேண்டிய ஒன்று:

(ம + 4) / (2ம² − 5ம − 3)

2 × (−3) = −6. பெருக்கினால் −6-ம் கூட்டினால் −5-ம் வரும் இரண்டு எண்கள் −6, 1. நடு உறுப்பை உடைத்தால் 2ம² − 6ம + ம − 3, அதாவது 2ம(ம − 3) + 1(ம − 3), அதாவது (2ம + 1)(ம − 3). பூச்சியமாவது ம = −1/2, ம = 3 ஆகிய இடங்களில். இந்த இரண்டையும் விலக்கிவிட்டால் முடிந்தது. பின்னமாக வந்துவிட்டதே, எங்கோ தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றலாம். விலக்க வேண்டிய எண் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ம² − 2ம − 1 என்று பகுதி இருந்தால் அது சுலபமாகக் காரணிப்படாது, இருபடிச் சூத்திரம் போட்டால் 1 + √2, 1 − √2 என்று இரண்டு விகிதமுறா எண்கள் வரும். அவற்றையும் அப்படியே எழுதி விலக்க வேண்டும், 2.41 என்று தோராயமாக எழுதினால் தப்பு, ஏனென்றால் 2.41-ஐப் போட்டால் பகுதி பூச்சியமாகாது, அது ஒரு பாவமும் அறியாத எண்.

சில பகுதிகள் எதைப் போட்டாலும் பூச்சியமே ஆகாது.

5 / (ம² + 4)

ம² + 4 = 0 என்றால் ம² = −4. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது, ஆகவே இதற்கு மெய்த்தீர்வு இல்லை. விலக்க எதுவும் இல்லை, எல்லா மெய்யெண்களும் மதிப்பகம். ம² + 4-ஐ (ம − 2)(ம + 2) என்று உடைக்க கை துறுதுறுக்கும், அது ம² − 4-க்குத்தான் பொருந்தும். ம² + ம + 1 போல பார்த்தவுடன் தெரியாத கோவையாக இருந்தால் தன்மைக்காட்டியை, அதாவது இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்ணை, கணக்கிடுங்கள்: 1² − 4 × 1 × 1 = −3, குறை எண், ஆகவே கோவையைப் பூச்சியமாக்கும் மெய்யெண்கள், அதாவது மெய் மூலங்கள், இல்லை, விலக்க எதுவும் இல்லை. ஒரு சார்பைக் கொடுத்தால் எதையாவது விலக்கியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எண்ணைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. "எல்லா மெய்யெண்களும்" என்பதும் முழுமையான விடைதான்.

பகுதியின் படி, அதாவது அதில் ம-வின் மிகப் பெரிய அடுக்கு, மூன்று என்றால்?

1 / (ம³ − 4ம)

ம³ = 4ம என்று எழுதி இரு பக்கமும் ம-வால் வகுத்தால் ம² = 4 என்று வரும், 2-ம் −2-ம் கிடைக்கும், திருப்தியாக இருக்கும். ஆனால் ம-வால் வகுத்த அந்த நொடியில் ம = 0 என்ற தீர்வைத் தொலைத்துவிட்டோம். பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு நாமே அதைச் செய்வது நியாயம் இல்லை. பொதுவான காரணியை வெளியே எடுப்பதுதான் வழி: ம(ம² − 4) = ம(ம − 2)(ம + 2). இப்போது 0, 2, −2 மூன்றும் கண்ணெதிரே நிற்கின்றன.

படியைப் பற்றிப் பேசும்போது எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகுதியின் படி எவ்வளவோ, அதிகபட்சம் அத்தனை எண்களைத்தான் விலக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒரு பல்லுறுப்புக் கோவைக்கு அதன் படியைவிட அதிகமான மூலங்கள் இருக்க முடியாது. இன்னொன்று, படி ஒற்றைப்படையாக இருந்தால் குறைந்தது ஒரு எண்ணையாவது விலக்கியே தீர வேண்டும். ஒற்றைப்படைப் படி கொண்ட கோவை எண்கோட்டின் ஒரு முனைப் பக்கம் குறை எண்ணாகவும் மறு முனைப் பக்கம் மிகை எண்ணாகவும் இருக்கும், நடுவில் எங்கேயாவது பூச்சியத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ம³ + ம + 1-ஐ எடுத்துக்கொண்டால் முழு எண்களைப் போட்டு எத்தனை முயன்றாலும் காரணிப்படாது. ஆனாலும் −1 போட்டால் −1 வருகிறது, 0 போட்டால் 1 வருகிறது, ஆகவே −1-க்கும் 0-க்கும் இடையில் ஒரு மூலம் ஒளிந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். அது ஏறத்தாழ −0.68. எண்ணைச் சரியாக எழுத முடியாவிட்டாலும் மதிப்பகத்தில் ஓர் ஓட்டை உண்டு என்பது உறுதி.

இனி வருவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. இதை அவசரப்படாமல் படியுங்கள்.

(ம² − 4) / (ம − 2)

தொகுதியைக் காரணிப்படுத்தினால் (ம − 2)(ம + 2). மேலும் கீழும் ம − 2 இருக்கிறது, அடித்துவிட்டால் ம + 2 என்று மிச்சம். ம + 2 என்பது வெறும் பல்லுறுப்புக் கோவை, அதில் எதையும் போடலாம், ஆகவே மதிப்பகம் எல்லா மெய்யெண்களும் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட சார்பு ம + 2 அல்ல, (ம² − 4)/(ம − 2). அதில் 2-ஐப் போட்டால் 0/0 வருகிறது, அதற்கு மதிப்பே இல்லை. ஆகவே மதிப்பகம் 2-ஐத் தவிர எல்லா மெய்யெண்களும்தான்.

"அடித்த பிறகு சிக்கல் போய்விட்டதே, அப்புறம் எதற்கு 2-ஐ விலக்க வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அடிப்பது என்றால் என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். மேலும் கீழும் ம − 2-ஆல் வகுக்கிறோம். ம − 2 பூச்சியமாக இல்லாத வரைதான் அப்படி வகுக்க நமக்கு உரிமை உண்டு. அதாவது, அடிக்கும் அந்தச் செயலே ம என்பது 2 இல்லை என்ற உறுதிமொழியின் மேல்தான் நடக்கிறது. உறுதிமொழியைக் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டு, பிறகு அதை மறந்துவிட முடியாது. சரியாக எழுதினால் இப்படி இருக்க வேண்டும்:

(ம² − 4) / (ம − 2) = ம + 2, ஆனால் ம ≠ 2

அந்த "ஆனால்" இல்லாவிட்டால் சமக்குறியே பொய்யாகிவிடும். இரண்டு சார்புகள் சமம் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே விடை தர வேண்டும், அதோடு எந்தெந்த எண்களை ஏற்கும் என்பதிலும் ஒத்துப்போக வேண்டும். மதிப்பகம் என்பது சார்பு முடிந்த பிறகு ஒட்டவைக்கும் குறிப்பு கிடையாது, சார்பின் உடம்பிலேயே ஒரு பாகம் அது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ம = 1.9 என்றால் விடை 3.9. ம = 1.99 என்றால் 3.99. மறுபக்கம் 2.01 போட்டால் 4.01, 2.1 போட்டால் 4.1. இரண்டு பக்கமிருந்தும் விடை 4-ஐ நோக்கி நெருங்கி வருகிறது, ஆனால் மிகச் சரியாக 2-இல் எதுவும் இல்லை. வரைபடம் வரைந்தால் நேர்கோடு ஒன்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், (2, 4) என்ற புள்ளியில் மட்டும் ஒரு சின்னத் துளை. அந்த இடத்தில் ஒரு வெற்று வட்டம் போட்டுக் காட்டுவது வழக்கம். கணினியில் வரைந்தால் பெரும்பாலும் அந்தத் துளை கண்ணுக்கே தெரியாது, ஒரு புள்ளிக்கு அகலமே கிடையாதே. அதனால் வரைபடத்தைப் பார்த்து மதிப்பகத்தை முடிவு செய்யாமல் முதலில் கொடுத்த கோவையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விலக்கப்பட்ட எண்கள் எல்லாமே இப்படித் துளையாகத்தான் இருக்குமா என்றால், இல்லை. ஒரே சார்பில் இரண்டு வகையையும் காட்டுகிறேன்.

(ம + 1) / (ம² − ம − 2)

பகுதியைக் காரணிப்படுத்தினால் (ம − 2)(ம + 1). விலக்க வேண்டியவை 2, −1. மதிப்பகம் இங்கேயே முடிவாகிவிட்டது, இதற்குப் பிறகு என்ன சுருக்கினாலும் இது மாறாது. இப்போது ம + 1-ஐ அடித்தால் 1/(ம − 2) என்று மிச்சம். −1-க்கு என்ன ஆகிறது? சுருங்கிய வடிவத்தில் −1 போட்டால் −1/3 வருகிறது, ஆகவே அசல் வரைபடத்தில் (−1, −1/3) என்ற இடத்தில் துளை. 2-க்கு என்ன ஆகிறது? அந்தக் காரணி அடிபடாமல் கீழேயே நிற்கிறது. 2.1 போட்டால் 10, 2.01 போட்டால் 100, 2.001 போட்டால் 1000. இந்தப் பக்கம் 1.9 போட்டால் −10, 1.99 போட்டால் −100. 2-ஐ நெருங்க நெருங்க ஒரு பக்கம் வானத்துக்கு ஏறுகிறது, மறுபக்கம் பாதாளத்துக்கு இறங்குகிறது. ம = 2 என்ற நிலைக்குத்துக் கோட்டை வரைபடம் நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது. இந்தக் கோட்டைத் தொலைத்தொடுகோடு என்பார்கள். முழுதாக அடிபட்டுப்போகும் காரணி துளை தரும், அடித்த பிறகும் கீழே தங்கிவிடும் காரணி தொலைத்தொடுகோடு தரும். எதுவாக இருந்தாலும் மதிப்பகத்திலிருந்து இரண்டுமே வெளியே.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பகுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி விலக்க வேண்டியவற்றைக் கண்டு தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், அப்புறம் சுருக்குங்கள். எத்தனை வேகமாகக் கணக்குப் போடுகிறவராக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றினால் தப்பு வந்துவிடும்.

ஒரே கோவைக்குள் இரண்டு மூன்று பின்னங்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1/ம + 1/(ம − 1) என்று இருந்தால் 0-ம் 1-ம் வெளியே போகும். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றுக்கும் இதே கதைதான். வகுத்தல் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை:

(ம + 1)/(ம − 2) ÷ (ம − 4)/(ம + 5)

2-ம் −5-ம் விலக வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும், அவை இரண்டு பின்னங்களின் பகுதிகளிலிருந்து வருகின்றன. ஆனால் இரண்டாவது பின்னத்தால் நாம் வகுக்கிறோம், எனவே அந்தப் பின்னமே பூச்சியமாக இருக்கக் கூடாது. அது பூச்சியமாவது அதன் தொகுதி பூச்சியமாகும்போது, அதாவது ம = 4. ஆகவே விலக்க வேண்டியவை மூன்று: 2, −5, 4. தலைகீழாக்கிப் பெருக்கினால் (ம + 1)(ம + 5) / ((ம − 2)(ம − 4)) என்று வரும், அதைப் பார்த்தால் 2-ம் 4-ம் மட்டும்தான் தெரியும், −5 மேலே ஏறி ஒளிந்துகொண்டது. அடித்தல் கணக்கில் நடந்த அதே சங்கதிதான் இங்கே வேறு உருவத்தில் நடக்கிறது. பின்னத்துக்குள் பின்னமாக 1 / (1 + 1/ம) என்று கொடுத்தாலும் அப்படியே: உள்ளே இருக்கும் பின்னத்துக்காக ம ≠ 0, வெளியே இருக்கும் பகுதிக்காக 1 + 1/ம ≠ 0, அதாவது ம ≠ −1. சுருக்கினால் ம/(ம + 1) என்று வந்து 0 மறைந்துவிடும்.

(ம − 4)² போலக் காரணி திரும்பத் திரும்ப வந்தால் 4-ஐ ஒருமுறை விலக்கினால் போதும். பகுதியில் வெறும் எண் இருந்தால், உதாரணமாக (ம² + 1)/7, விலக்க எதுவும் இல்லை. பகுதியில் வர்க்கமூலம் இருந்தால் அது விகிதமுறு சார்பே இல்லை, அதற்கு வேறு நிபந்தனைகள் உண்டு, இங்கே கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடைமுறைக் கணக்குகளில் மதிப்பகம் இன்னும் சுருங்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 120 கிலோமீட்டரை மணிக்கு ம கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஆகும் நேரம் 120/ம மணி. வெறும் கோவையாகப் பார்த்தால் விலக்க வேண்டியது 0 ஒன்றுதான். ஆனால் அங்கே ம என்பது வேகம், குறை எண்ணாக இருந்தால் நேரமும் குறை எண்ணாகிவிடும், அதற்கு அர்த்தம் இல்லை, ஆகவே ம > 0 என்பதே மதிப்பகம். கோவை எதைத் தடுக்கிறது என்பது ஒன்று, சூழல் எதைத் தடுக்கிறது என்பது இன்னொன்று. கதைக் கணக்கு வந்தால் இரண்டையும் கேட்க வேண்டும்.

உண்மையிலேயே புரிந்துவிட்டதா என்று சோதிக்க, கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1-ம் −4-ம் தவிர எல்லா மெய்யெண்களையும் மதிப்பகமாகக் கொண்ட ஒரு விகிதமுறு சார்பை நீங்களே உருவாக்குங்கள். 1 / ((ம − 1)(ம + 4)) உடனே தோன்றும். சரி, இப்போது அதே மதிப்பகம் இருக்க வேண்டும், ஆனால் 1 என்ற இடத்தில் தொலைத்தொடுகோடு வராமல் துளை மட்டும் வர வேண்டும் என்றால்? மேலேயும் ஒரு ம − 1-ஐ வைத்துவிடுங்கள்: (ம − 1) / ((ம − 1)(ம + 4)). இரண்டு இடத்திலும் துளை மட்டுமே வேண்டும் என்றால் மேலே இரண்டு காரணிகளையும் வைக்க வேண்டும், அப்போது சுருக்கினால் வெறும் 1 என்று வரும், ஆனால் 1-இலும் −4-இலும் மதிப்பே இல்லாத ஒரு 1. கடைசியாக ஒன்றை விடை சொல்லாமல் விடுகிறேன்: எந்த எண்ணையும் விலக்கத் தேவையில்லாதபடி, ஆனால் பகுதியின் படி நான்காக இருக்கும்படி ஒரு சார்பை எழுதுங்கள். எழுதிவிட்டு, படி மூன்றுக்கு அதே வேலையைச் செய்ய முயன்று பாருங்கள், ஏன் முடியவில்லை என்பதற்கான காரணம் மேலே ம³ + ம + 1 பற்றிச் சொன்ன இடத்தில் இருக்கிறது.